ஒரே வேலை, வேறுவேறு ஊதியம்: பொருள் கொண்டுசென்று விற்கும் சாரதிகளின் சம்பளத்தை இடம் எவ்வாறு தீர்மானிக்கின்றது?

(புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் தொடர்பான அமர்வொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர் நாடுகளில் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசப்படும்போது தொழிற்சாலையும் உணவகமும் துப்புரவுப் பணியுமே பெரிதும் நினைவுக்கு வருகின்றன. வீதியில் ஓடும் வாகனத்தையே தொழிற்கூடமாகக் கொண்டு, பொருளைக் கொண்டுசென்று கொடுப்பதோடு அதனை விற்கவும் செய்கின்ற சாரதியைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகின்றது. அவருடைய சம்பளம் ஊருக்கு ஊர் ஏன் மாறுபடுகின்றது, அந்த மாறுபாட்டில் எது இயல்பானது, எது அநீதியானது என்பதனை வட அமெரிக்காவை மையமாகக் கொண்டு எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில், இந்தச் சாரதி யார்? இலங்கையில் இசை ஒலிக்க வீதிவீதியாக வந்து பாணும் பணிஸும் விற்கும் முச்சக்கரவண்டியை அறியாதவர் இல்லை. அதனை ஓட்டுபவர் சாரதியா, வியாபாரியா என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் அந்தக் கேள்விதான் ஒருவருடைய வருமானத்தைத் தீர்மானிக்கின்றது. அங்கே அரச புள்ளிவிபரங்களில் "சாரதி - விற்பனைத் தொழிலாளர்" என்று ஒரு தனித் தொழில்வகையே உண்டு. நிர்ணயிக்கப்பட்ட பாதையில் சென்று கடைகளுக்குப் பாண், சிற்றுண்டி, குளிர்பானம் முதலியவற்றை வழங்குவோரும், கட்டளைகளைப் பெற்றுப் பணம் அறவிட்டுத் தட்டுகளில் பொருளை அடுக்குவோரும், வீடுகளுக்குப் பீற்சா கொண்டுசெல்வோரும், வணிக நிறுவனங்களின் சலவைத் துணிகளை ஏற்றி இறக்குவோரும் இந்த ஒரே வகைக்குள் அடங்குகின்றனர்.

இவர்களது ஊதியம் இடத்துக்கு இடம் வேறுபடுவதற்கு வாழ்க்கைச் செலவே காரணம் என்று பொதுவாக நம்பப்படுகின்றது. வாடகை கூடிய நகரில் சம்பளமும் கூடும், குறைந்த இடத்தில் குறையும் என்பது அந்த நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மிகப்பெரிய வேறுபாடுகளை ஏற்படுத்துவது வாழ்க்கைச் செலவன்று. அந்தந்த இடத்தின் சட்டம் அந்தத் தொழிலாளருக்குச் சூட்டும் பெயரே ஆகும். அவர் சாரதியா, விற்பனையாளரா, அல்லது சுயாதீன ஒப்பந்தக்காரரா? ஒரே வானை ஓட்டி, ஒரே எண்ணிக்கையான தட்டுகளைச் சுமக்கும் மூவர், இந்த மூன்று பெயர்களின் கீழ் மூன்று வேறு தொகைகளுடன் வீடு திரும்புகின்றனர்.

அடித்தளத்தில் இருந்து தொடங்குவோம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் 2009 யூலை 24 ஆம் நாள் மணித்தியாலத்துக்கு 7.25 டொலராக உயர்த்தப்பட்டது. அதன்பின் அது உயர்த்தப்படவேயில்லை. மாநிலங்களோ தத்தம் வழியில் சென்றுள்ளன. 2025 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அது 16.50 டொலர், நியூஜேர்சியில் பெரும்பாலான தொழிலாளருக்கு 15.49 டொலர், பென்சில்வேனியாவிலும் ஜோர்ஜியாவிலும் ரெக்சாஸிலும் நடைமுறையில் அதே 7.25 டொலர். பிலடெல்பியாவுக்கும் கம்டனுக்கும் இடையே ஓடுவது டெலவெயர் ஆறு ஒன்றே. பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் ஆற்றின் மேற்குக் கரையில் சட்டம் உறுதிசெய்யும் தொகை, கிழக்குக் கரையில் உள்ளதன் அரைப்பங்கைக்கூட எட்டவில்லை. ஆற்றின் இரு கரையிலும் பாணின் விலையோ வாடகையோ இரண்டு மடங்கு வேறுபடுவதில்லை என்பதனை அங்கு வாழ்வோர் நன்கறிவர்.

பீற்சா கொண்டுசெல்லும் சாரதிக்கு இந்த அடித்தளமும் உறுதியானதன்று. வாடிக்கையாளர் வழங்கும் ரிப்ஸ் பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, தொழில் வழங்குநர் தமது பங்காக மணித்தியாலத்துக்கு வெறும் 2.13 டொலரை வழங்குவதற்கு மத்திய சட்டம் இடமளிக்கின்றது. இரண்டும் சேர்ந்து 7.25 டொலரை எட்டினால் போதும். இந்த 2.13 டொலர் 1991 ஆம் ஆண்டு முதல் மாறவில்லை. கலிபோர்னியா, வோஷிங்டன் மாநிலம், ஒரிகன், நெவாடா, மொன்ரானா, அலாஸ்கா, மினசோட்டா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்தக் கழிவுக்கு இடமில்லை. ரிப்ஸ் எவ்வளவாயினும் முழுச் சம்பளமும் வழங்கப்பட வேண்டும். மேலும் பீற்சா சாரதி பெரும்பாலும் தமது சொந்த வாகனத்தையே ஓட்டுகின்றார். எரிபொருள், சில்லுத் தேய்மானம், காப்புறுதி ஆகிய செலவுகளை மீளச் செலுத்தும் கடமையைக் கலிபோர்னியாச் சட்டமும், 2019 முதல் இலினோய் சட்டமும் தொழில் வழங்குநர் மீது வெளிப்படையாகச் சுமத்தியுள்ளன. பல மாநிலங்களில் அவ்வாறான தனிச்சட்டம் இல்லை. அங்கே சம்பளச் சீட்டில் உள்ள தொகை ஒன்று. வாகனச் செலவு போகக் கையில் எஞ்சும் தொகை வேறொன்று.

இனிப் பெயரின் பிரச்சினைக்கு வருவோம். 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமச் சட்டம் இரண்டு அடிப்படை உரிமைகளை வழங்கியது. ஒன்று குறைந்தபட்சச் சம்பளம். மற்றையது வாரத்தில் 40 மணித்தியாலத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. ஆனால் "வெளிக்கள விற்பனையாளர்" எனப்படுவோருக்கு இவ்விரு உரிமைகளும் இல்லை. அவர்கள் தாமே நேரத்தை வகுத்துக்கொண்டு, விற்பனைக்கேற்பக் கொமிசன் பெற்று, விரும்பியவாறு உழைப்பவர்கள் என்ற கருத்தே இவ்விலக்குக்கு அடிப்படையாகும். பாண் ஏற்றிச் செல்லும் சாரதிக்கு "விற்பனைப் பிரதிநிதி" என்று அழகிய பெயர் சூட்டப்படும்போது, அந்தப் பெயரோடு இரண்டு உரிமைகளும் கைநழுவிப் போகக்கூடும் என்பதனை அவர் அறிவதில்லை.

பெயர்ப்பலகை மட்டும் போதாது என்று மத்திய அரசின் விதிகளே கூறுகின்றன. விற்பனையும் செய்யும் சாரதிகளுக்கென்றே அங்கு ஒரு தனி விதி உண்டு. வாடிக்கையாளரிடம் தாமே சென்று பேசி, கட்டளை பெற்று, வாகனத்தில் உள்ள இருப்பிலிருந்து வழங்கி, விற்ற அளவுக்கேற்ப ஊதியம் பெறுபவர் விற்பனையாளராகக் கருதப்படலாம். மாறாக, வழக்கமான கடைகளுக்கு நாள்தோறும் சென்று, முன்னைய விநியோகத்தின்பின் விற்றுத் தீர்ந்த அளவை மீள நிரப்புபவர் விற்பனையாளர் ஆகார். தட்டுகளில் பொருளை அடுக்கி விளம்பர அட்டை வைப்பதும் விற்பனை ஆகாது. தன்னியக்க விற்பனைப் பெட்டிகளை நிரப்புபவரும் அவ்வாறே. பெரிய பல்பொருள் அங்காடிகளில் எவ்வளவு பாண் வாங்குவது என்பது தலைமை அலுவலகத்தில் தீர்மானிக்கப்படும் இக்காலத்தில், அதனைக் கொண்டுபோய் அடுக்கும் சாரதி எதனை விற்கின்றார் என்பதே உண்மையான கேள்வி.

இதே கேள்விக்கு மத்திய சட்டமும் கலிபோர்னியாச் சட்டமும் தரும் விடைகள் வேறானவை. ஒருவரின் முதன்மைக் கடமை எது என்று மத்திய சட்டம் வினவுகின்றது. இந்த அளவுகோல் நெகிழ்ச்சியானது. கலிபோர்னியாவோ நேரத்தைக் கணக்கிடுகின்றது. போத்தல் நீர் விநியோகித்த ஒரு சாரதி யோசமிட்டி வோட்டர் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1999 ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. வேலை நேரத்தின் அரைவாசிக்கு மேல் உண்மையாகவே விற்பனையில் செலவிட்டால் மட்டுமே ஒருவர் வெளிக்கள விற்பனையாளர் ஆவார். போத்தல்களை ஏற்றி இறக்கும் நேரம் விநியோக நேரமே அன்றி விற்பனை நேரம் ஆகாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் வேறொரு வழியில் அதே பாதுகாப்பை அளிக்கின்றது. கொமிசன் பெறும் வெளிக்கள விற்பனையாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் இல்லை என்று அங்கும் விதி உண்டு. எனினும் நிர்ணயித்த பாதையில் சென்று விற்பவர், அதாவது பாதை விற்பனையாளர், அந்த விலக்கிலிருந்து வெளிப்படையாக நீக்கப்பட்டுள்ளார். ஆகவே அவருக்கு இரண்டு உரிமைகளும் உண்டு. ஒன்ராறியோவில் வாழும் எமது உறவுகளுள் பலர் அறியாத விதி இதுவாகும்.

இவை வெறும் சட்ட நுணுக்கங்கள் என்று எவரும் கருதாதிருக்க, ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் சிறிய வானில் வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் வேலைசெய்து, வாரத்தில் 700 டொலர் கொமிசன் பெறுகின்றார் எனக் கொள்வோம். ஜோர்ஜியாவில் அவர் வெளிக்கள விற்பனையாளர் எனக் கொள்ளப்பட்டால், அவருக்குக் கிடைப்பது அந்த 700 டொலர் மட்டுமே. அதே ஜோர்ஜியாவில் அவர் சாரதி என்று ஏற்கப்பட்டால், அவரது மணித்தியாலச் சம்பளம் 14 டொலர் ஆகின்றது. மேலதிகமான பத்து மணித்தியாலத்துக்கும் தலா 7 டொலர் சேர்த்து 770 டொலர் கிடைக்க வேண்டும். கலிபோர்னியாவில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலையும் மேலதிக நேரமே. 2025 ஆம் ஆண்டின் அடிப்படைச் சம்பளத்தின்படி முதல் 40 மணித்தியாலத்துக்கு 660 டொலர், எஞ்சிய பத்துக்கு 247.50 டொலர், ஆக மொத்தம் 907.50 டொலருக்குக் குறையலாகாது. ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 17.60 கனேடிய டொலர் அடிப்படையில், 44 மணித்தியாலத்துக்கு 774.40, மேலதிகமான ஆறு மணித்தியாலத்துக்கு 158.40, ஆக 932.80 கனேடிய டொலருக்குக் குறையலாகாது. ஜோர்ஜியாவின் "விற்பனையாளருக்கும்" கலிபோர்னியாவின் சாரதிக்கும் இடையிலான வாராந்த வேறுபாடு 207.50 டொலர். ஐம்பது வாரத்தில் அது 10,375 டொலர். ஒரு குடும்பத்தின் பல மாத வாடகை அது.

இக்கணக்கில் "சிறிய வான்" என்று குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் 10,000 இறாத்தலுக்கு மேற்பட்ட எடைத்தரமுடைய பாரவூர்திகளை ஓட்டுவோருக்கு மத்திய சட்டத்தின் மேலதிக நேரக் கொடுப்பனவு பொதுவாக இல்லை. அதற்குட்பட்ட வாகனங்களை ஓட்டுவோருக்கு அந்த உரிமையை 2008 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உறுதிசெய்தது. ஒரே களஞ்சியத்திலிருந்து புறப்படும் இருவரில், பெரிய பாரவூர்தியை ஓட்டுபவர் சிறிய வானை ஓட்டுபவரிலும் குறைவாகப் பெறும் நிலை இதனால் ஏற்படக்கூடும். வாகனத்தின் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் எடைத்தர அட்டை, சம்பளச் சீட்டைப் போலவே கவனிக்கத்தக்கது.

மூன்றாவது பெயர் மிகவும் ஆபத்தானது. அது "சுயாதீன ஒப்பந்தக்காரர்", "சுயாதீன விநியோகத்தர்", "சொந்தமாகத் தொழில் செய்பவர்" என்று பலவாறாக ஒலிக்கின்றது. இது இணையச் செயலிகளின் காலத்துக் கண்டுபிடிப்பன்று. சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வேலையிழப்புக் காப்புறுதியும் நடைமுறைக்கு வந்த 1930களிலேயே, நியூயோர்க்கின் வெதுப்பகங்கள் தமது சாரதிகளைப் பணியிலிருந்து நீக்கி, அதே வழிகளில் பாண் வாங்கி விற்கும் சிறுவியாபாரிகளாக அவர்களை மாற்றத் தொடங்கின. அவ்வாறானவர்கள் வாரத்தின் ஏழு நாட்களும் உழைத்தனர். அதற்கெதிராக வெதுப்பகச் சாரதிகளின் தொழிற்சங்கம் நடத்திய மறியல் 1942 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மறியல் செய்யும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எண்பது ஆண்டுகளின் பின்னரும் அதே பாண், அதே வாதம். கனெக்ரிகட் மாநிலத்தில் பிளவர்ஸ் நிறுவனத்தின் பாண் வகைகளை விநியோகித்தவர்கள், அந்தப் பிரதேச உரிமையைத் தாமே விலைகொடுத்து வாங்கியிருந்தனர். களஞ்சியத்திலிருந்து பாணை எடுத்துக் கடைகளுக்குக் கொண்டுசெல்வதோடு, புதிய கடைகளைத் தேடுவதும் காட்சித் தட்டுகளை அமைப்பதும் அவர்களது பணியாக இருந்தன. சம்பளச் சட்டங்கள் மீறப்பட்டன என்று அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, ஒப்பந்தப்படி தனியார் நடுவரிடமே செல்ல வேண்டும் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. போக்குவரத்துத் தொழிலாளருக்கு அத்தகைய கட்டாயத்திலிருந்து மத்திய நடுவர் சட்டம் விலக்களிக்கின்றது. அவ்விலக்கைக் கோருவதற்கு ஒருவர் போக்குவரத்து நிறுவனத்தில்தான் பணியாற்ற வேண்டும் என்பதில்லை என்று, 2024 ஏப்பிரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் கதவைத் திறக்கக்கூடிய ஒரு தடை நீக்கம் இது. சம்பளம் பற்றிய தீர்ப்பன்று.

சுயாதீனமானவர் யார் என்பதனை அறியும் அளவுகோலும் இடத்துக்கு இடம் மாறுகின்றது. மசாசூசெற்ஸ், நியூஜேர்சி, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில், தொழிலாளர் சுயாதீனமானவர் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மீதே உள்ளது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலிருந்து அவர் விடுபட்டவரா, சொந்தத் தொழில் ஒன்று அவருக்கு உண்மையில் உண்டா என்பன போன்ற நிபந்தனைகள் யாவும் நிறைவேற வேண்டும். நியூஜேர்சியில் 2015 ஆம் ஆண்டிலும் கலிபோர்னியாவில் 2018 ஆம் ஆண்டிலும் இவ்வளவுகோலை உறுதிசெய்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டும் விநியோகச் சாரதிகளின் வழக்குகளிலேயே பிறந்தன. வேறு பல மாநிலங்களில் பல அம்சங்களைச் சீர்தூக்கும் தளர்வான அளவுகோலே உள்ளது. சுயாதீனமானவர் என்று பெயர் பெற்றவர் மேலதிக நேரக் கொடுப்பனவை இழப்பதோடு, எரிபொருளையும் காப்புறுதியையும் தாமே செலுத்துகின்றார். ஊழியராயின் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகளுக்கு 7.65 வீதம் செலுத்தும் ஒருவர், சுயதொழிலாளராயின் 15.3 வீதம் செலுத்த வேண்டியவராகின்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. எந்த நகரில் எவ்வளவு சம்பளம் என்று ஒப்பிட்டு இடம்பெயர நினைப்போர், அரச புள்ளிவிபரப் பட்டியல்களையே நாடுகின்றனர். அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் பட்டியலில் கொமிசனும் ரிப்ஸும் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. சுயதொழிலாளர்கள் அறவே அடங்கமாட்டார்கள். ஆகவே சாரதிகளைச் சுயாதீனர்களாக மாற்றிய இடங்களில், மாற்றப்பட்டோரின் வருமானம் அந்தப் பட்டியலில் தென்படுவதேயில்லை. பட்டியல் பொய் சொல்லவில்லை. பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டோரைப் பற்றி அது பேசவில்லை.

ஒரே நகருக்குள்ளும் இடம் என்பது முக்கியமானது. கொமிசன் பெறும் சாரதிக்கு அவரது பாதையே முதலீடு. கடைகள் நெருங்கிய பாதையில் செல்பவர் அதிகம் விற்கின்றார். தொலைவான பாதையில் செல்பவர் நேரத்தையும் எரிபொருளையும் வீதியில் செலவிடுகின்றார். முறையிட்ட தொழிலாளரின் பாதையை மாற்றுவது, சம்பளத்தைக் குறைத்தோம் என்று சொல்லாமலே குறைக்கும் வழியாகிவிடக்கூடும். உரிமை கோரியதற்காகப் பழிவாங்குவதனை மத்திய சட்டமும் ஒன்ராறியோச் சட்டமும் தடைசெய்கின்றன என்பதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

நிரூபணம் பற்றியும் ஒரு நற்செய்தி உண்டு. வோஷிங்டன் தலைநகர்ப் பகுதியில் குடியேறிய சமூகங்களின் உணவுப்பொருட்களைக் கடைகளுக்கு விநியோகித்த ஈ.எம்.டி. சேல்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிகள் மேலதிக நேரக் கொடுப்பனவு கோரித் தொடுத்த வழக்கில், 2025 சனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளர் விலக்குக்குரியவர் என்பதனைத் தொழில் வழங்குநர் சாதாரண குடியியல் வழக்குகளின் அளவுக்கு நிரூபித்தாலே போதும், அதனிலும் உயர்ந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பு. தொழிலாளர் தரப்புக்கு இது ஒரு பின்னடைவே. எனினும் நிரூபிக்கும் சுமை இன்றும் தொழில் வழங்குநரிடமே உள்ளது. தொழில் வழங்குநர் நேரப்பதிவு வைத்திராவிடின், தொழிலாளர் நியாயமான மதிப்பீட்டின் மூலம் தமது நேரத்தைக் காட்டலாம் என்று 1946 ஆம் ஆண்டிலேயே அதே நீதிமன்றம் கூறியுள்ளது. தொழிலாளருக்கு நற்செய்தியாக எஞ்சுவது இதுவே.

ஆகவே செய்யத்தக்கவை எளியன. வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சென்ற கடைகள், ஓடிய தூரம் ஆகியவற்றை ஒரு சிறு கொப்பியில் நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். கடையில் கட்டளையைத் தீர்மானித்தவர் யார் என்பதனையும் குறிக்க வேண்டும். பாதையை விலைக்கு வாங்கவோ "சுயாதீன" ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ முன்னர், அப்பத்திரத்தை விளங்கக்கூடிய ஒருவரிடம் காட்ட வேண்டும். காலந்தாழ்த்தலாகாது. மத்திய சட்டத்தின்கீழ் பொதுவாக இரண்டு ஆண்டுகளும், வேண்டுமென்றே செய்யப்பட்ட மீறலாயின் மூன்று ஆண்டுகளுமே கால எல்லை; ஒன்ராறியோவில் தொழில் அமைச்சிடம் முறையிட இரண்டு ஆண்டுகள். இச்சம்பளச் சட்டங்களின் பாதுகாப்பு குடியுரிமை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று என்பதும் நினைவிருக்கட்டும்.

இறுதியாக ஒரு கசப்பான உண்மை. இன்று புலம்பெயர் தமிழர் தொழிலாளராக மட்டும் இல்லை. வெதுப்பகங்களையும் உணவுப்பொருள் விநியோக நிலையங்களையும் நடத்துவோரும் எம்மிடையே உள்ளனர். "தம்பி, நீங்கள் எங்கட ஆள்தானே" என்ற அன்பான சொல்லோடு, பதிவேதும் இன்றிக் கையில் காசாக வழங்கப்படும் கொமிசன் எவ்வளவு என்று எம்மவர் எம்மவரையே கேட்க வேண்டிய காலம் இது. அந்நிய நிறுவனத்திடம் நீதி கோரும் சமூகம், தன் வாசலில் நிற்கும் வானை ஓட்டுபவருக்கும் அதே நீதியை வழங்க வேண்டும். அவர் உறவினர் என்பதனால் அவருடைய மேலதிக நேரம் குறைந்துவிடுவதில்லை.